ஜப்பானியப் பழைய வாளும் ட்சுபாவும்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய வாள் விற்கும் கடைக்குள் புதிதாக நுழைபவரின் கண் முதலில் வெட்டுவாய்க்குத்தான் போகும். பழகியவரோ, "பிடியைக் கழற்றிக் காட்டுங்கள்" என்பார். பிடிக்குள் ஒளிந்திருக்கும் துருப்பிடித்த வால்பகுதியில்தான் அந்த வாளின் வயதும் ஊரும் செய்தவர் பெயரும் இருக்கின்றன. மேலே பளபளக்கும் எஃகைத் தீட்டி அழகாக்கிவிடலாம். நானூறு வருடத் துருவைப் போலியாக உண்டாக்குவது அவ்வளவு எளிதல்ல. இதில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: அந்தத் துருவைப் பார்க்காமல் வாங்கியவர்கள், வாங்கிய பிறகு அதைத் தேய்த்து எடுத்தவர்கள்.

அளவும் காலமும்

வாளின் நீளம் என்பது பிடியைச் சேர்க்காத நீளம். நுனியிலிருந்து, முதுகுப் பக்கத்தில் வால்பகுதி தொடங்கும் படி வரை (இதற்கு முனேமாச்சி என்று பெயர்) நேர்கோட்டில் அளக்க வேண்டும். வளைவோடு சேர்த்து நாடாவை ஓட்டக்கூடாது. அளவை அலகு ஷாக்கு. ஒரு ஷாக்கு 30.3 செ.மீ., அதில் பத்தில் ஒன்று சுன். ஒரு ஷாக்குக்குக் குறைந்தது தாந்தோ, ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது வாக்கிசாஷி, இரண்டு ஷாக்கு, அதாவது 60.6 செ.மீ. தாண்டினால் கட்டானா. இடுப்பில் வெட்டுவாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டு அணிந்த பழைய நீள வாள் தாச்சி. கட்டானாவை இடைக்கச்சையில் வெட்டுவாய் மேல்நோக்கிச் செருகுவார்கள்.

காலத்தை நான்காகப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். 1596க்கு முந்தையது கோத்தோ. அதிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஷின்தோ. அதன்பின் 1876 வரை ஷின்ஷின்தோ. அந்த ஆண்டுதான் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. பிறகு வந்தவை கெண்டாய்தோ. கோத்தோ வாள்களை யமாஷிரோ, யமாத்தோ, பிஸென், சோஷு, மினோ என்ற ஐந்து மரபுகளில் ஒன்றில் வைத்துப் பேசுவார்கள். இந்த ஐந்தின் வேறுபாடு புரியவே இரண்டு மூன்று வருடம் ஆகும். அவசரப்பட வேண்டாம்.

நீளத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எடோ காலத்தில் (தோகுகாவா குல ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட 1603–1868) 2 ஷாக்கு 3 சுன், சுமார் 69.7 செ.மீ., வழக்கமான அளவாக நிலைத்தது. அதற்காகவும் இடுப்பில் செருகும் வசதிக்காகவும் பழைய நீள தாச்சிகள் ஏராளமாகக் குறைக்கப்பட்டன. வெட்டியது நுனியில் அல்ல, வால் பக்கத்தில். அதனால் கையெழுத்து வெட்டுப்பட்டுப் போயிற்று. கையெழுத்தே இல்லாத வாள் என்றவுடன் முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது இதனால்தான். மிக உயர்ந்த தரத்து கோத்தோ வாள்கள் பலவற்றில் கையெழுத்து கிடையாது.

முதலில் ட்சுபா வாங்குங்கள்

ட்சுபா என்பது பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் கைக்காப்புத் தகடு. உள்ளங்கையில் அடங்கும், தபாலில் வரும், ஆயுதச் சட்டச் சிக்கல் இல்லை. வாளில் ஒரு தவறு செய்யும் பணத்துக்கு ட்சுபாவில் ஐந்து தவறு செய்து கற்றுக்கொள்ளலாம். கட்டானாவுக்கான ட்சுபா பெரும்பாலும் 7 முதல் 8.5 செ.மீ. விட்டத்தில், 4 முதல் 6 மி.மீ. தடிமனில் இருக்கும், வாக்கிசாஷிக்கானது அதைவிடச் சிறியது.

நடுவில் இருக்கும் ஆப்பு வடிவத் துளையில் வாளின் வால் நுழையும். அதன் இருபுறமும் சிறு துளைகள் இருந்தால், ஒன்று கொசுக்கா என்ற சிறு கத்திக்கு, மற்றொன்று கோகாய் என்ற ஊசி போன்ற கருவிக்கு. நடுத்துளையைச் சுற்றிய நீள்வட்டப் பரப்புதான் செப்பா-தாய். கையெழுத்து இருந்தால் அங்கேதான் இருக்கும். பயன்பட்ட ட்சுபாவில் இந்தப் பரப்பில், ட்சுபாவின் இருபக்கமும் வைக்கும் செப்பா என்ற மெல்லிய வளையங்கள் அழுத்திய தடம் மங்கலாகத் தெரியும். நடுத்துளையின் மேலும் கீழும் செம்புத் துண்டுகள் அடைக்கப்பட்டிருந்தால், வேறொரு வாளுக்குப் பொருத்த வேண்டிச் சரிசெய்த அடையாளம். அது குறையல்ல. உண்மையாகவே ஒரு வாளில் வாழ்ந்த பொருள் என்பதற்கு நல்ல சாட்சி.

இரும்பு ட்சுபாவில் வார்ப்புப் போலிகள் நிறைய. அவற்றைப் பிடிக்கும் வழி இது. ஊடுருவல் வேலைப்பாடு உள்ள ட்சுபா என்றால் வெட்டிய துளைகளின் உட்சுவரைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். அறுத்து அரம் போட்ட இரும்பில் அரத்தின் கோடுகள், கூர்மையான மூலைகள் தெரியும். வார்ப்பில் மூலைகள் வெல்லக்கட்டி கரைந்தாற்போல் உருண்டிருக்கும். சுவரின் நடுவே அச்சு இரண்டும் கூடிய தையல் கோடு ஓடும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும். அடித்து உருவாக்கிய நல்ல பழைய இரும்பின் விளிம்பில் சில நேரம் சிறு முடிச்சுகள் துருத்தி நிற்கும். தெக்கோட்சு, 'இரும்பின் எலும்பு' என்பார்கள். நூலில் தொங்கவிட்டு நகத்தால் தட்டினால் மணி போல் ஒலிக்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தடிமனும் வேலைப்பாடும் ஒலியை மாற்றிவிடும்.

மென்உலோக ட்சுபாக்கள் வேறு உலகம். ஷாக்குதோ என்பது செம்பில் சில சதவீதம் தங்கம் கலந்து, ரசாயனக் கரைசலில் கொதிக்கவைத்து நீலம் பாய்ந்த கருப்பாக்கிய கலவை. ஷிபுஇச்சி செம்பும் வெள்ளியும் சேர்ந்தது; பெயருக்கே 'நான்கில் ஒன்று' என்று பொருள், நிறம் சாம்பல். ஷாக்குதோவின் மீது மீன்முட்டை போன்ற நுண்மணிகளை நெருக்கமாக அடித்த பரப்புக்கு நானாக்கோ என்று பெயர். கிண்ணமுனை உளியால் ஒவ்வொரு மணியாக, கையால் அடித்தது. லென்ஸில் பார்த்தால் வரிசைகள் நேராக, மணிகள் தனித்தனியாக உருண்டு நிற்கும். வார்ப்பில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிசைந்த மாவு போல் கிடக்கும். ஷோகுன்களுக்கு வேலை செய்த கோத்தோ குடும்பத்தின் அடையாளமே இந்தக் கருப்பு நானாக்கோ பரப்பும் அதன்மேல் தங்க உருவங்களும்தான். (வாள் காலத்தின் பெயரான கோத்தோ வேறு, இந்தக் குடும்பப் பெயர் வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது.)

வெண்கலம், பித்தளை என்றாலே புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை நம்முடையது. இங்கே அந்தக் கையைக் கட்டிவைக்க வேண்டும். ஷாக்குதோவின் கருப்பு, மேற்பரப்பில் உள்ள மிக மெல்லிய படலம் மட்டுமே. புளியோ பிராஸோவோ ஒரே தடவை பட்டால் செம்பு நிறம் வெளியே வந்துவிடும். அதோடு விலையில் பெரும்பகுதி போய்விடும். உலர்ந்த மென்மையான பருத்தித் துணி போதும்.

இரும்பு ட்சுபாவின் கருஞ்சாக்லேட் நிறமும் நல்ல துருதான். அதை அப்படியே விட வேண்டும். செந்துரு மட்டும் எதிரி. மான்கொம்பு அல்லது எலும்புத் துண்டைக் கூராக்கி, செந்துரு உள்ள இடத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் அது உதிரும், கருப்புப் படலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஒரு ட்சுபாவுக்கு வாரக்கணக்கில் ஆகும். கம்பித் தூரிகை, எலுமிச்சை, வினிகர், துரு நீக்கும் திரவம் எதுவும் கூடாது.

மொகராஷி சோத்தென் என்ற கையெழுத்தோடு, வீரர்கள் சண்டையிடும் காட்சிகள் நிறைந்த ட்சுபாக்கள் அடிக்கடி வரும். அந்தப் பெயரில் பின்னால் பலர் பெருமளவில் செய்து தள்ளினார்கள். அலங்காரப் பொருளாக வாங்கலாம், சோத்தென் விலைக்கு வாங்கக்கூடாது. ஹமாமோனோ என்றால் மெய்ஜி காலத்தில் வெளிநாட்டவருக்கு விற்க யோகோஹாமா துறைமுக வணிகத்துக்காகச் செய்யப்பட்டவை. வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். வாளில் ஒருநாளும் ஏறியதில்லை.

வாளைக் கையில் வாங்கும் முறை

மோதிரம், கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். எஃகின் மீது விரல் படக்கூடாது. கைரேகையின் வியர்வை ஓரிரு நாளில் துருப் புள்ளியாகும். வாளுக்கு நேராக நின்று பேசுவதும் கூடாது. எச்சில் துளிதான் காரணம், மரியாதை இரண்டாவது.

1. உறையை வெட்டுவாய் மேல்நோக்கி இருக்கும்படி இடது கையில் பிடியுங்கள். வாளை முதுகு உறையின் மீது வழுக்கும்படி மெதுவாக, நிறுத்தாமல் உருவுங்கள். பக்கவாட்டில் திருப்பினால் உறையின் உட்சுவர் அலகைக் கீறும்.
2. பிடியில் ஒரு சிறு மூங்கில் ஆணி, மெக்குகி, இருக்கும். பித்தளைச் சுத்தியலின் முனையால் மெல்லிய பக்கத்திலிருந்து தள்ளி எடுங்கள். ஆணி ஒருபுறம் பருத்தது. தவறான பக்கத்திலிருந்து அடித்தால் இறுகும்.
3. பிடியின் கடைசியை இடது கையால் பற்றி, வாளைச் சற்றுச் சாய்த்து நிமிர்த்துங்கள். வலது முட்டியால் இடது மணிக்கட்டில் லேசாகத் தட்டுங்கள். அதிர்வில் வால் தளர்ந்து மேலே எழும்பும். நான்கைந்து தட்டுக்கு அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ட்சுபாவைச் சுத்தியலால் அடித்து எழுப்பியவர்கள் ட்சுபாவையும் கெடுத்து வாளையும் கெடுத்திருக்கிறார்கள்.
4. பிடி, செப்பா, ட்சுபா, செப்பா, கடைசியில் ஹபாக்கி என்ற உலோகக் கவசம். கழற்றிய வரிசையிலேயே துணிமேல் அடுக்குங்கள். இரண்டு செப்பாக்களும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் இடம் மாற்றினால் பொருந்தாது.

கடைக்காரர் பிடியைக் கழற்ற மறுத்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நகாகோ: வால்பகுதியைப் படித்தல்

ஜப்பானிய மொழியில் வாளின் கையெழுத்துக்குப் பெயர் 'மெய்'. பொய்க் கையெழுத்து 'கிமெய்'. தமிழனுக்கு இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் சொல் கிடைக்காது: இந்தத் துறையில் மெய்களில் பல பொய்.

துருவின் நிறத்திலிருந்து தொடங்குங்கள். கோத்தோ காலத்து வால் கருப்புக்கு நெருங்கிய ஆழ்பழுப்பாக, எண்ணெய் தடவியது போன்ற ஈர மினுமினுப்போடு இருக்கும். ஷின்தோ சற்று வெளிர்ந்த பழுப்பு. ஷின்ஷின்தோவில் துரு மெல்லியது, அரம் போட்ட கோடுகள் இன்னும் கூர்மையாக விரலுக்குத் தட்டுப்படும். ஆரஞ்சு நிறமாக, தூள் தூளாக, வால் முழுதும் ஒரே சீராகப் பூத்த துரு இருந்தால் உப்போ அமிலமோ போட்டு வரவழைத்தது என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து கையெழுத்தின் பள்ளம். உளி வெட்டிய கோட்டின் அடியிலும், சுற்றியுள்ள பரப்பிலும் துரு ஒரே நிறமாக, ஒரே ஆழமாக இருக்க வேண்டும். பழைய துருவுக்கு மேல் புதிதாக வெட்டியிருந்தால் கோட்டின் உள்ளே துரு இளசாகவும், வெட்டின் உதடுகள் கூர்மையாகவும் இருக்கும். லென்ஸை வைத்து விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் தெரிந்துவிடும். ஆனால் எடோ காலத்தில் வாள் பரிசளிப்பது பெரிய வழக்கம். பெரிய பெயருக்கு மதிப்பு. அதனால் முந்நூறு வருடத்துக்கு முன்பே பொய்க் கையெழுத்து வெட்டினார்கள். அதன் துருவும் இப்போது பழைய துருதான். அங்கே உதவுவது ஒப்பீடு மட்டுமே: சான்று பெற்ற வாள்களிலிருந்து காகிதம் வைத்து எடுத்த படிகள், ஒஷிகாத்தா, தொகுப்புகளாகக் கிடைக்கின்றன. எழுத்தின் சாய்வு, உளி கோட்டைத் தொடங்கும் இடத்தில் அழுந்திய ஆழம், ஆணித்துளையிலிருந்து முதல் எழுத்தின் தூரம் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள். எழுத்தின் உருவம் சரியாக இருந்து, வேகம் தயங்கித் தயங்கி இருந்தால் நகல்.

கோத்தெட்சு, மசாமுனே, முராமசா, சுக்கேஹிரோ, கியோமரோ. புகழ்பெற்ற வாள் கொல்லர்களான இவர்களின் பெயர்கள் மலிவு விலையில் வந்தால் பேச்சே வேண்டாம். 'கோத்தெட்சுவைக் கண்டால் போலி என்று நினை' என்பது ஜப்பானியச் சேகரிப்பாளர்களின் பழமொழி. கிமெய் என்றால் வாளே போலி என்று அர்த்தமில்லை, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் பொய், எஃகு பழையது, வேலை நல்லது என்பது சாதாரணம். அதை அதற்கான விலைக்கு வாங்கலாம்.

கையெழுத்து எந்தப் பக்கம் என்பதும் செய்தி சொல்லும். நுனி மேலே இருக்கும்படி பிடித்து, வெட்டுவாய் உங்கள் இடப்பக்கம் வரும்போது முக்கியக் கையெழுத்து உங்களைப் பார்த்தால் அது கட்டானாவாக அணியச் செய்தது. வெட்டுவாய் வலப்பக்கம் வரும்போது தெரிந்தால் தாச்சி. இரண்டுக்கும் விதிவிலக்கான கைவினைஞர்கள் உண்டு. அதுவே அவர்களை அடையாளம் காட்டும்.

இரண்டு மூன்று ஆணித்துளைகள் இருந்தால் வால் குறைக்கப்பட்டதா என்று பாருங்கள். முதலில் இருந்த துளை கீழே இறங்கியிருக்கும், புதிய துளை மேலே. வாலின் அடி சதுரமாக அறுத்தாற்போல் முடிந்திருக்கும். அரம் போட்ட திசையும் புதிய பகுதியில் மாறலாம். அரக்கோடுகளில் கிரி நேர் குறுக்கு, சுஜிக்காய் சாய்வு, தக்கானோஹா பருந்தின் இறகு போல் இருபுறம் சாய்ந்தது. வாலின் மேல்பகுதியில் அலங்காரமாகக் கூடுதல் கோடுகள் இருந்தால் அது கெஷோ, ஷின்தோ காலத்திலிருந்து வருவது. அப்படிப்பட்ட வாலில் கோத்தோ காலத்துப் பெயர் இருந்தால் கதை முடிந்தது.

வாலைச் சுத்தம் செய்யக்கூடாது. எண்ணெயும் வேண்டாம். துரு நீக்கிய வாள், பிறப்புச் சான்றிதழைக் கிழித்த வாள்.

அலகு: ஹாமோனும் குறைகளும்

வாளைச் செய்பவர் அலகின் மீது களிமண் பூசுவார், முதுகில் கனமாக, வெட்டுவாயில் மெல்லியதாக. பழுக்கக் காய்ச்சி நீரில் முக்கும்போது மெல்லிய பூச்சுள்ள வாய் வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மென்மையாகவே நிற்கிறது. நம் ஊர்க் கொல்லர் துவைச்சல் என்பதை வாய்க்கு மட்டும் கொடுப்பது போல. இரண்டும் சந்திக்கும் எல்லைதான் ஹாமோன்.

புதியவர்கள் வெண்மையாகத் தெரியும் பட்டையையே ஹாமோன் என்று நினைக்கிறார்கள். அந்த வெண்மை தீட்டுபவர் சிறு கல்துண்டால் தேய்த்து உண்டாக்கியது. உண்மையான எல்லை அதற்குள் இருக்கிறது. பார்க்கும் முறை: குழல் விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு குமிழ் விளக்கு வையுங்கள். வாளின் நுனியை விளக்குக்குச் சற்றுக் கீழே நீட்டி, அலகின் மீது விளக்கின் ஒளி வழுக்கி வரும்படி மெல்ல மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் வெண்பூச்சு மறைந்து, எல்லை நெடுகிலும் ஒளித்துகள்கள் எழும். தனித்தனி விண்மீனாகத் தெரிந்தால் நியே, பனிமூட்டம் போல் கலந்திருந்தால் நியோய். அமிலத்தால் பொறித்த போலிக் கோட்டில் எந்தக் கோணத்திலும் எதுவும் எழாது; சாம்பல் நிறம் சாம்பலாகவே கிடக்கும். ஹாமோனுக்கு மேலே உள்ள பரப்பில் எஃகை மடித்து அடித்ததன் மரநார் போன்ற தோற்றம், ஹாதா, தெரியும்.

ஹாமோன் நுனிக்குள் நுழைந்து முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். நுனிக்குள் இருக்கும் அந்தப் பகுதி போஷி. பழைய நுனி உடைந்து புதிதாக வடிவமைத்ததால் போஷி இல்லாமல் போயிருந்தால் வாள் செத்தது என்றே விலை வைப்பார்கள். ஹாமோன் நடுவில் வாயின் விளிம்பைத் தொட்டு ஓடிப்போயிருந்தாலும் அதே நிலை.

மன்னிக்க முடியாத இன்னொன்று ஹாகிரி. வாய்க்குச் செங்குத்தாக மேலேறும் மயிரிழை விரிசல். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வெட்டுவாயை விளக்கை நோக்கி வைத்து, அங்குல அங்குலமாக லென்ஸோடு போக வேண்டும். சிறு வாய்முறிவுகளைத் தீட்டி எடுக்கலாம், ஹாகிரிக்கு மருந்தில்லை. நுனிக்குள் வளைந்து ஓடும் விரிசலுக்குப் பெயர் 'காக்கை வாய்', கராசு-நோ-குச்சி. அதுவும் அப்படித்தான்.

மடிப்புகள் சரியாக ஒட்டாத இடத்தில் வரும் கோடுகளும் (வாரே), காற்று அடைத்த கொப்புளங்களும் (ஃபுக்குரே) கோத்தோ வாளில் ஓரளவு பொறுக்கலாம், ஷின்தோவில் விலை குறையும், இருபதாம் நூற்றாண்டு வாளில் வாங்கவே வேண்டாம். பலமுறை தீட்டிய வாளில் மேல்தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் மென்எஃகு திட்டுத்திட்டாக வெளியே வரும். களைத்த வாள் என்பார்கள். அதை எந்தத் தீட்டுபவரும் சரிசெய்ய முடியாது.

தீயில் பட்டு ஹாமோன் அழிந்த வாளை மறுபடி காய்ச்சி முக்குவதும் உண்டு. 1615இல் ஒசாகா கோட்டை எரிந்தபோது சேதமான பெயர்பெற்ற வாள்களை தோகுகாவா இயேயாசு, எச்சிஸென் யாசுட்சுகு என்ற வாள் கொல்லரிடம் கொடுத்து அப்படிச் செய்ய வைத்தார். அவை வரலாற்றுக்காக மதிக்கப்படுகின்றன. உங்கள் கைக்கு வரும் சாதாரண வாளில் ஹாமோன் தொடங்கும் இடத்தில் நிழல் போன்ற பட்டை சாய்வாக மேலேறினால் மறுகாய்ச்சலாக இருக்கலாம்; விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்.

தாள்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை

ஜப்பானில் உள்ள 15 செ.மீ.க்கு மேற்பட்ட ஒவ்வொரு வாளுக்கும் ஒரு பதிவு அட்டை, தோரோக்குஷோ, இருக்க வேண்டும். வகை, நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். மாகாணக் கல்வி வாரியம் கொடுப்பது. இது வண்டியின் ஆர்.சி. புத்தகம் போன்றதே தவிர, அசல் என்பதற்கான சான்று அல்ல. கையெழுத்து பொய்யாக இருந்தாலும் அட்டையில் உள்ளபடியே எழுதியிருப்பார்கள். அட்டையில் ஒரு துளை என்றிருந்து வாலில் இரண்டு இருந்தால், அந்த வாள் அந்த அட்டைக்கு உரியதல்ல. முதலாண்டான 1951இன் பதிவு எண் என்றால் பிரபுக்கள் வீட்டு வாள் என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். வாளைப் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்.

சான்று என்பது 1948இல் தொடங்கிய என்.பி.டி.எச்.கே. (ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம்) தருவது. டோக்கியோவின் சுமிதா பகுதியில் வாள் அருங்காட்சியகத்தை நடத்துவதும் இவர்களே. ஹோசோன், தோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, தோகுபெட்சு ஜூயோ என்று படி ஏறும். வாள் தாளில் வாலின் படம் இருக்கும். துளையின் இடத்தையும் துருத் திட்டுகளின் வடிவத்தையும் கையில் உள்ள வாளோடு பொருத்துங்கள். கையெழுத்தில்லாத வாளுக்குப் பெயருக்கு முன் 'தென்' என்ற எழுத்து இருந்தால், மரபு வழியில் அவருடையது என்று கருதப்படுகிறது என்ற அளவில்தான். 1982க்கு முந்தைய பழைய தாள்களில், குறிப்பாகப் பச்சைத் தாள்களில், முறைகேடுகள் நடந்தன. அந்தத் தாளோடு பெரிய பெயர் வந்தால், புதிய தாளுக்கு அனுப்ப விற்பவர் ஏன் தயங்கினார் என்று கேளுங்கள்.

தாள், கையெழுத்தையும் மரபையும் சொல்லும். அலகின் தீட்டல் நிலை பற்றியோ உங்கள் பணத்துக்குத் தகுமா என்பது பற்றியோ சொல்லாது. வாலில் சுரண்டிய தடத்தோடு 'கையெழுத்தற்றது' எனத் தாள் பெற்ற வாள்களும் சந்தையில் உண்டு: பொய்க் கையெழுத்தால் தேறாமல் போனதை அழித்துவிட்டு மறுபடி அனுப்பியவை.

வாங்குவதும் கொண்டுவருவதும்

முதல் வாள் வாக்கிசாஷியாக இருக்கட்டும். அதே கைவினைஞரின் கட்டானாவைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும். எஃகும் ஹாமோனும் அதேதான். ஹோசோன் தாளும் ஓரளவு நல்ல தீட்டலும் உள்ளதாகப் பாருங்கள். "தீட்டினால் அருமையாக வரும்" என்று சொல்லும் துருப்பிடித்த வாளைத் தவிர்த்துவிடுங்கள். தீட்டலுக்கு சுன் கணக்கில் கூலி, மாதக்கணக்கில் காத்திருப்பு. கடைசியில் தீட்டிய செலவுக்கே வாள் விலை போகாது. டோக்கியோவில் ஆண்டுதோறும் நடக்கும் தாய் தோக்கென் இச்சி சந்தையில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான வாள்களைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். வாங்காவிட்டாலும் போய் வருவது லாபம்.

ஜப்பானை விட்டு வெளியே எடுத்துச் செல்ல கலாசார விவகார முகமையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். பதிவு அட்டை திரும்ப ஒப்படைக்கப்படும். தேசியப் பொக்கிஷம் என்றும் முக்கியக் கலாசாரச் சொத்து என்றும் அறிவிக்கப்பட்டவை வெளியேற முடியாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வாளையும் ஆயுதமாகவே எடுத்துக்கொள்கிறது. இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். பணம் கட்டிய பிறகு அல்ல, கட்டும் முன்பே மாவட்ட அதிகாரியிடமும் சுங்கத்திடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை. 1954க்கு முந்தையதற்கும் மரபு முறையில் கையால் செய்ததற்கும் விலக்கு உண்டு. யானைத் தந்தத்தில் செதுக்கிய நெட்சுக்கேயை (இடைக்கச்சையில் சிறு பையைத் தொங்கவிட உதவும் குட்டிச் சிற்பம்) ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அது விமான நிலையத்தோடு போய்விடும். மரத்தில் செதுக்கிய நெட்சுக்கே ஒன்றும் தாழ்ந்ததல்ல.

1945இல் மலாயா, சிங்கப்பூர், பர்மாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளின் வாள்கள் பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகளின் கைகளுக்கும் வந்தன. அதனால் பழைய ராணுவக் குடும்பங்களின் பெட்டியிலிருந்து ஒன்று வெளிப்படுவது நடக்கக்கூடியதே. பெரும்பாலானவை தொழிற்சாலைச் செய்கை; வாலில் சிறு முத்திரை இருக்கும். நட்சத்திர முத்திரை இருந்தால் மரபு முறையில் செய்த வாள். ராணுவப் பிடிக்குள் சில நேரம் குடும்ப வாளான கோத்தோ அலகு இருந்திருக்கிறது. எதையும் தேய்க்காமல் முதலில் பிடியைக் கழற்றிப் பாருங்கள்.

பராமரிப்பு

எண்ணெய் சோஜி: லேசான கனிம எண்ணெயில் துளி கிராம்பு மணம், அவ்வளவுதான். நாட்டு மருந்துக் கடையில் சுத்தமான கிராம்புத் தைலம் வாங்கிப் பூசுவது தவறு. தேங்காய் எண்ணெய் சிக்கு பிடித்துப் பிசினாகும்.

பழைய எண்ணெயை மென்துணியால் முதுகுப் பக்கமிருந்து பற்றி, அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் துடையுங்கள். முன்னும் பின்னும் இழுத்தால் கையும் போகும், தீட்டலும் போகும். உச்சிக்கோ என்ற கல்பொடி உருண்டையைத் தட்டித் துடைப்பது மரபு. ஆனால் பொடி எப்படியும் கல்தான். புதிதாகத் தீட்டிய அலகில் மெல்லிய கீறல்கள் போடும். சுத்தமான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் மைக்ரோஃபைபர் துணியும் இப்போது பலரின் தேர்வு. பிறகு சில துளி எண்ணெயைத் துணியில் விட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத படலமாகத் தடவுங்கள். வழிய வழியப் பூசினால் எண்ணெய் உறைக்குள் இறங்கி, தூசியைப் பிடித்து, அடுத்த முறை உருவும்போது கீறும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஈரத்தில் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அலகை அலங்கார உறையில் வைக்காமல், ஹோ மரத்தில் செய்த வெள்ளை உறையான ஷிராசாயாவில் வையுங்கள். அதன் இரு பாதிகளைச் சோற்றுப்பசையால்தான் ஒட்டுவார்கள். உள்ளே துரு ஒட்டிக்கொண்டால் பிளந்து சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம் என்பதற்காகவே. மரப்பசையோ ஃபெவிக்காலோ போட்டு 'பலமாக' ஒட்டிக்கொடுக்கும் தச்சரிடம் கொடுத்துவிடாதீர்கள். பிடி, ட்சுபா, உறை அடங்கிய பழைய அலங்காரத் தொகுதிக்கு உள்ளே வாளின் இடத்தில் ட்சுனாகி என்ற மர அலகைச் செருகி வைத்தால், அது தளராமல் தனியாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பூட்டி, மாதம் ஒருமுறை திறந்து, விளக்கைச் சாய்த்து, செந்துருப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதுவும் போட்டுத் தேய்க்காமல், எண்ணெய் மட்டும் தடவிவிட்டுப் பயிற்சி பெற்ற தீட்டுபவருக்குப் படம் அனுப்புங்கள்.